பொறுத்துப் போ என்பதா?

"பொறுத்துப் போ, அம்மா! வேலைக்கென்று வெளியே போனால் நாலும் இருக்கத்தான் செய்யும். நாம்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்."

இந்த அறிவுரையைக் கேளாத உழைக்கும் பெண் இந்நாட்டில் உண்டா? இருந்தால் அவர் பெரும்பேறு பெற்றவர். அறிவுரை கூறுவோர் கொடியவருமல்லர். பெற்ற தாய் கூறுவார். பக்கத்து மேசையில் இருபதாண்டு அமர்ந்து தலை நரைத்த அக்காள் கூறுவார். உரிமைக் குரல் எழுப்பிப் பழகிய சங்கத்துத் தோழரேகூட, குரலைச் சற்றே தாழ்த்திக்கொண்டு கூறுவார். அன்பு கலந்துதான் கூறுவர். அந்த அன்பின் அடியிலே அச்சம் படிந்து கிடக்கும். வேலை போய்விடுமே என்ற அச்சம். பெயர் கெட்டுவிடுமே என்ற அச்சம். மணமாகாத பெண்ணாயின், நாளை பெண் பார்க்க வருகிறவர் காதில் விழுந்துவிடுமே என்ற அச்சம்!

மேலதிகாரி ஒருவன் ஆபாசமாய்ப் பேசினான். கோப்பை வாங்கும் சாக்கிலே கையைத் தொட்டான். நள்ளிரவில் கைப்பேசிக்குப் படம் அனுப்பினான். தன் விருப்பத்துக்கு இணங்கினால் பதவி உயரும் என்று குறிப்பால் உணர்த்தினான். குற்றம் செய்தவன் அவன். ஆனால் பொறுக்க வேண்டியவள் அவள். நடையை மாற்ற வேண்டியவள் அவள். உடையை மாற்ற வேண்டியவள் அவள். இறுதியில் வேலையையும் ஊரையும் மாற்றிக்கொள்ள வேண்டியவளும் அவளே! இஃது எந்த ஊர் நீதி?

பொறுமையின் பெருமையைப் பேச வருவோர் வள்ளுவரைத் துணைக்கு அழைப்பர். அழைக்கட்டும், நாமும் குறளைத் திறந்து பார்ப்போம். ‘பொறையுடைமை’ 16-ஆவது அதிகாரம். அதற்கு முன்னே, 15-ஆவது அதிகாரமாக நிற்பது எது? ‘பிறனில் விழையாமை’! பிறனுடைய இல்லாளை நாடாதே என்று ஆடவனை அடக்கிவிட்ட பிறகே, பொறுமையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது அந்நூல். நம் சமுதாயமோ பதினைந்தைப் படிக்காமலே தாண்டிக் குதித்து, பதினாறை மட்டும் எடுத்துப் பெண்ணின் தலையிலே சுமத்தி வைத்திருக்கிறது.

இதனைக் காமத்தின் கோளாறு என்று சிலர் கூறுவர். இளமை, சபலம், கண்ணின் குற்றம் என்றெல்லாம் காரணம் காட்டுவர். நாம் அதனை ஒப்புவதில்லை. கண்ணின் குற்றமாயின் அந்தக் கண் எல்லோரிடத்தும் ஒன்றுபோலவே குற்றம் செய்ய வேண்டுமன்றோ? முதலாளியின் மகள் பணிமனைக்குள் வரும்போது, அதே கண் தரையைப் பார்க்கிறது. அதே கை கூப்பி நிற்கிறது. அதே வாய் ‘அம்மா’ என்று பணிகிறது. எவரிடம் துணிகிறது? ஒப்பந்தம் முடியும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் தற்காலிகப் பணியாளரிடம். பயிற்சிக்கு வந்த சிறு பெண்ணிடம். ஊரைவிட்டு வந்து ஆலை விடுதியிலே தங்கியிருப்பவரிடம். கணவனை இழந்து இரு குழந்தைகளைக் காப்பாற்றும் தாயிடம். வேலையை இழந்தால் உலை கொதிக்காதவர் யார் என்று கணக்குப் பார்த்தே கை நீள்கிறது. விடுப்புச் சீட்டில் கையெழுத்திடுபவன், மிகைநேர வேலையைப் பங்கிடுபவன், இரவு முறைக்கு ஆள் குறிப்பவன், ஆண்டு அறிக்கை எழுதுபவன் என்று, சோற்றுக்கும் பெண்ணுக்கும் நடுவிலே எவன் நிற்கிறானோ அவனிடமே இந்த நோய் முற்றுகிறது. ஆகவே இதற்கு அதிகார வெறி என்று பெயரிடுவதே பொருந்தும்.

பெயரிடுவதிலேதான் எவ்வளவு சூழ்ச்சி! ‘கேலி’ என்றார்கள், ‘சில்மிஷம்’ என்றார்கள், ‘சும்மா விளையாட்டுக்கு’ என்றார்கள். ‘ஈவ் டீசிங்’ என்று விவிலிய ஏவாளின் பெயரையும் இழுத்து வந்து, அவள்தான் சபலமூட்டினாள் என்ற பொருளையும் அதில் ஒளித்து வைத்தார்கள். 1998-இல் சென்னையிலே கல்லூரி மாணவி ஒருவர் இத்தகைய ‘விளையாட்டு’க்கு உயிரிழந்தபின் தமிழ்நாட்டில் வந்த சட்டமும் முதலில் ‘ஈவ் டீசிங்’ என்ற சொல்லையே தலையில் தாங்கி வந்தது. பின்னரே ‘பெண்ணைத் துன்புறுத்தல்’ என்று அது திருத்தப்பட்டது. விளையாட்டு என்றால் இருவரும் ஆட வேண்டும். இருவரும் சிரிக்க வேண்டும். ஒருவர் சிரிக்க, ஒருவர் குறுகி நிற்பதற்கு விளையாட்டு என்று பெயரில்லை.

இனி, பணியிடத்துப் பெண்ணைக் காக்கும் சட்டம் எப்படிப் பிறந்தது என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அறிஞர்கள் கூடி ஆய்ந்து, அமைச்சர்கள் மனமிரங்கிக் கொடுத்த கொடையன்று அது. இராஜஸ்தான் மாநிலத்து பட்டேரி என்னும் சிற்றூரிலே, மண்பாண்டம் வனையும் குயவர் குலத்துப் பெண்ணொருத்தி சிந்திய கண்ணீரிலும் காட்டிய உறுதியிலும் பிறந்தது. பன்வாரி தேவி அவர் பெயர். மாநில அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’, அதாவது ‘தோழி’ என்ற பெயரில் ஊர்ப்பணி செய்தவர். குழந்தை மணத்தைத் தடுப்பது அவருக்கு அரசு இட்ட வேலை. 1992-இல், ஓராண்டுகூட நிரம்பாத பெண் மகவு ஒன்றுக்கு, ஊரில் செல்வாக்குமிக்க சாதிக் குடும்பமொன்று மணம் செய்விக்க முனைந்தபோது, அவர் தடுக்க முயன்றார். தம் கடமையைச் செய்தார். அதற்கு ஊர் கொடுத்த கூலி என்ன? அவ்வாண்டு செப்டம்பர் திங்களில், வயலிலே கணவரை அடித்துப் போட்டுவிட்டு, அவரைக் கூட்டாகச் சீரழித்தனர்.

வழக்கு நடந்தது. 1995 நவம்பரில், குற்றம் சாட்டப்பட்டோர் வன்புணர்ச்சிக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டனர். மேல்சாதிக்காரர் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தீண்டித் தம்மைத் தாழ்த்திக்கொள்ள மாட்டார் என்ற பொருள்படவும் தீர்ப்பிலே காரணம் காட்டப்பட்டதென்று நாடெங்கும் பேச்செழுந்தது. எத்தகைய கொடுமை பாருங்கள்! கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் மனிதனைத் துரத்திய தீண்டாமை, நீதிமன்றத்தில் குற்றவாளிக்குக் கேடயமாகவும் வந்து நின்றது.

ஆனால் அவர் ஓயவில்லை. மகளிர் அமைப்புகளும் ஓயவில்லை. அரசு இட்ட வேலையைச் செய்யப்போய்ச் சீரழிக்கப்பட்ட பெண்ணுக்கு, வேலை இட்டவரின் பொறுப்பு என்ன என்ற கேள்வியை ‘விசாகா’ முதலிய அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தன. 1997 ஆகஸ்டு 13-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ஜே. எஸ். வர்மா, நீதிபதிகள் சுஜாதா மனோகர், பி. என். கிர்பால் ஆகிய மூவரும் அமர்ந்த ஆயம், பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிக்க 1979-இல் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையை, இந்தியா 1993-இல் ஏற்றதனையும் சுட்டிக்காட்டி, பணியிடங்கள் பின்பற்ற வேண்டிய நெறிகளை வகுத்தது. நாடாளுமன்றம் சட்டம் செய்யும் வரையில் இதுவே சட்டம் என்றது. நாடாளுமன்றம் சட்டம் செய்ய எத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டது தெரியுமா? 16 ஆண்டுகள்! 2013-இல்தான் சட்டம் வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது.

ஏழை, எளியவள், ஊர்ப்புறத்தாள். ஆகவே இக்கதி என்று எண்ணுவோர்க்கு இன்னொரு வழக்கையும் நினைவூட்டுவோம். ரூபன் தியோல் பஜாஜ், பஞ்சாபில் இந்திய ஆட்சிப் பணியின் உயர் அலுவலர். 1988-இல், விருந்தொன்றில், பலர் சூழ்ந்திருந்த இடத்தில், அம்மாநிலக் காவல்துறைத் தலைவர் தம்மிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று முறையிட்டார். மாவட்டங்களை ஆளும் தகுதி படைத்த அவருக்கும் முதலில் கிடைத்தது ‘பொறுத்துப் போ’ என்ற அறிவுரைதான். உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது; 1995-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு உயிர் கொடுத்தது; 1996-இல் குற்றம் உறுதியாயிற்று; மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்து உச்ச நீதிமன்றம் அதனை நிலைநிறுத்திய ஆண்டு 2005. பதினேழு ஆண்டுகள்! ஆட்சிப் பணி அதிகாரிக்கே பதினேழாண்டு என்றால், ஆயத்த ஆடைக்குப் பொத்தான் தைக்கும் பெண்ணுக்கு எத்தனை ஆண்டு?

அதனால்தான், நீதிமன்றத்தின் நெடும்படிக்கட்டை ஏறுமுன், பணியிடத்திலேயே ஒரு வாயில் வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருத்தல் வேண்டும். உயர்நிலைப் பணியிலுள்ள பெண் ஒருவரே அதன் தலைவர். உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். நிறுவனத்தோடு தொடர்பில்லாத வெளி உறுப்பினர் ஒருவர். பத்துப் பேருக்கும் குறைவாக உள்ள இடத்திலும், முதலாளியே குற்றவாளியாக நிற்கும் இடத்திலும், வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு. நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று திங்களுக்குள் புகார் தரலாம். தக்க காரணமிருந்தால் மேலும் மூன்று திங்கள் நீட்டலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். குழுவே அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை தண்டம். மீண்டும் மீண்டும் மீறினால் தண்டம் இரட்டிப்பதோடு உரிமமும் பறிபோகலாம்.

இச்சட்டத்தின் உயிர்நாடி ஒரே ஒரு சொல்: ‘விரும்பப்படாத’. விரும்பப்படாத தொடுகை, விரும்பப்படாத பேச்சு, விரும்பப்படாத செய்கை. ‘நான் தவறாக நினைக்கவில்லை’ என்று அவன் கூறுவதால் குற்றம் கரைந்துவிடாது. அவள் விரும்பினாளா என்பதே கேள்வி. நூற்றாண்டுக் கணக்கில் பெண்ணின் விருப்பத்தைக் கேளாமலே அவள் கழுத்தில் தாலியும் கையில் கரண்டியும் கொடுத்துப் பழகிய சமுதாயத்திலே, அவள் விருப்பமே அளவுகோல் என்று எழுதப்பட்ட அந்த ஒரு சொல், புரட்சிச் சொல் என்போம்.

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. பணியிடத்தில் இருக்கிறதா? நாம் சில ஆண்டுகளாக, அழைத்த இடங்களிலே, இத்தகைய குழுக்களில் வெளி உறுப்பினராக அமர்ந்து வருகிறோம். பெயரையும் இடத்தையும் வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது, தடுப்பது முறையுமாகும். ஆகவே அடையாளம் எதுவுமின்றி, கண்டதைக் கூறுகிறோம்.

ஓரிடத்தில் விசாரணைக்கென்று ஒதுக்கப்பட்ட அறை, மேலாளரின் அறையை ஒட்டிய கண்ணாடி அறை. உள்ளே போகும் பெண்ணை நாற்பது மேசைகளும் நிமிர்ந்து பார்க்கும். கண்ணீரைத் துடைத்தால் கூடம் முழுதும் காணும். இப்படி ஓர் அறையைத் தேர்ந்தவர் தீய எண்ணத்தோடுதான் தேர்ந்தார் என்று நாம் கூறோம். அவர் எண்ணவேயில்லை, அவ்வளவுதான். எண்ணாமையே பாதிக் கொடுமை. அந்த அறையில் அமர மாட்டோம் என்றோம், வேறிடம் கிடைத்தது.

குழுவிலிருந்த ஒருவர் தொடுத்த முதற்கேள்வி: "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" அந்தப் பெண் தலைகுனிந்தார். நாம் கோப்பைப் புரட்டி ஒரு தேதியைக் காட்டினோம். நிகழ்ச்சி நடந்த நாளில் அவர் தகுதிகாண் பருவத்தில் இருந்தார். பணி நிலைப்படுத்தப்பட இன்னும் ஆறு வாரம் இருந்தது. நிலைப்படுத்தப் பரிந்துரைக்க வேண்டியவர் யார்? எவர் மீது புகாரோ அவரே! பணி உறுதியான மறுவாரம் புகார் வந்தது. காலந்தாழ்த்தியதற்குப் பொருள் பொய் என்பதன்று, பசி என்பது. கேட்டவர் பிறகு அக்கேள்வியை மீண்டும் எழுப்பவில்லை.

சாட்சி யார்? கூடத்திலே நாற்பது பேர். ஒருவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாராம். ஒருவர் தொலைபேசியில் இருந்தாராம். ஒருவர் அப்போதுதான் வெளியே சென்றாராம். நாற்பது இணைக் கண்களும் அன்றைக்கு ஒரே நேரத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டன! பார்த்தேன் என்று சொல்ல வந்தவர் ஒரே ஒருவர்: தேநீர் கொண்டுவரும் பெரியவர். அங்கே அவரைவிட எளிதாக வேலையை இழக்கக்கூடியவர் எவருமில்லை. "உங்களுக்கும் மகள் இருக்கிறாரா?" என்று குழுத் தலைவர் கனிவோடு கேட்டார். "இருக்கிறது, அம்மா. ஆனால் அதற்காகச் சொல்ல வரவில்லை. பார்த்தேன், அதனால் சொல்கிறேன்" என்றார். நமக்கு உடல் சிலிர்த்தது. தன் மகளை நினைத்தால்தான் பிற பெண் மனிதப் பிறவியாகத் தெரியும் என்ற நிலையினும் எவ்வளவு உயர்ந்தது அவருடைய அறம்!

நிருவாகம் ஒரு வழி கண்டது. ‘அவருடைய பாதுகாப்புக்காக’ அந்தப் பெண்ணை வேறு கிளைக்கு மாற்றிவிடலாம் என்றது. எவ்வளவு இனிப்பான சொல், பாதுகாப்பு! அவர் கேட்டாரா? கேட்கவில்லை. விசாரணைக் காலத்தில் இடமாற்றமோ மூன்று திங்கள் வரை விடுப்போ பாதிக்கப்பட்டவர் எழுத்து மூலம் வேண்டினால்தான் பரிந்துரைக்கலாம். கேளாமல் கொடுத்தால் அது தண்டனை. மாறாக, புகாருக்குள்ளானவர் அப்பெண்ணின் வேலையைப் பற்றி அறிக்கை எழுதாமல் தடுத்து, அப்பொறுப்பை வேறோர் அலுவலரிடம் ஒப்படைக்க விதிகளே இடம் தருகின்றன. அதனைப் பரிந்துரைத்தோம். குற்றம் மெய்ப்பட்டது, அவர் அப்பிரிவின் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார். அந்தப் பெண் அதே மேசையில் இருந்தார். அவ்வாண்டு ஊதிய உயர்வும் பெற்றார். அவர் வென்றார் என்பதைவிட, அங்கேயே இருந்தார் என்பதுதான் நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. எத்தனையோ வழக்குகளில் புகார் வெல்கிறது. புகார் கொடுத்தவர் அலுவலகத்தில் இல்லை!

"எல்லாம் சரி, பொய்ப் புகார் வந்தால்?" என்று உடனே ஒரு கேள்வி எழும். கேட்பவரைச் சினந்து பயனில்லை. ஒருவன் பெயரைக் கெடுப்பதும் தீங்கே. அதனால்தான் புகாரின் படி எதிர்த்தரப்புக்குத் தரப்படுகிறது. மறுமொழி எழுத நாள் தரப்படுகிறது. சாட்சிகளைக் கொண்டுவர உரிமை தரப்படுகிறது. அவர் பெயரும் வெளியே போகாமல் காக்கப்படுகிறது. வேண்டுமென்றே புனைந்த புகாரென்று விசாரணையில் மெய்ப்பிக்கப்பட்டால் நடவடிக்கைக்கும் இடமுண்டு. ஆனால் மெய்ப்பிக்க இயலாத புகார் எல்லாம் பொய்ப் புகார் ஆகாது என்றும் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. நாற்பது கண்களும் மூடிக்கொண்டால் எந்த உண்மைதான் மெய்ப்படும்? சாட்சியைத் தராமல் ஒளித்துக்கொண்டவர்கள், சான்றில்லையே என்று பெண்ணைப் பழிப்பது என்ன நேர்மை?

மேசையும் மின்விசிறியும் உள்ள இடத்துக் கதை இது. பஞ்சு பறக்கும் ஆலைகளிலே, தையற்பொறி வரிசைகளிலே நிலைமை எப்படி? 2021 சனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தின் ஆயத்த ஆடை ஆலையொன்றில் வேலை செய்த, தாழ்த்தப்பட்ட சமூகத்து இளம்பெண் ஒருவர் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளரே அக்கொலைக்காகக் கைது செய்யப்பட்டார். நம் ஊர்ப் பெண்கள் தைத்த சட்டையைக் கடல்கடந்த நாட்டில் அணிபவருக்கும் அச்செய்தி எட்டிற்று. பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு நெசவு மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடியது. 2022 ஏப்ரலில் ஓர் உடன்பாடு பிறந்தது; ‘திண்டுக்கல் உடன்பாடு’ என்று அதற்கு நம் மாவட்டத்தின் பெயரே நின்றது.

அதிலே என்ன புதுமை? சுவரிலே அறிவிப்பு ஒட்டிவிட்டு அமைதியடையாமல், தையல் வரிசையில் வேலை செய்யும் பெண்களுள்ளேயே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்களை அது நிறுத்தியது. இழிசொல் எழுந்த அந்நேரத்திலேயே, பக்கத்துப் பொறியில் இருப்பவர் எழுந்து சொல்லலாம். சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. சாதியைச் சொல்லி இழிவு செய்வதும் அதே உடன்பாட்டின்கீழ்க் குற்றம். ஏனெனில் நம் நாட்டுப் பெண் தொழிலாளிக்கு அவ்விரு சாட்டைகளும் ஒரே கையிலிருந்து வருகின்றன. துணியை வாங்கும் வெளிநாட்டு நிறுவனமும் உடன்பாட்டில் பிணைக்கப்பட்டது. ஆலை தவறினால் வணிகமே பாதிக்கப்படலாம் என்ற நிலை வந்தது. தனியொரு பெண் நின்று சொன்னால் அது புகார். சங்கம் நின்று சொன்னால் அது பேச்சுவார்த்தை. இதுவே திண்டுக்கல் கற்பித்த பாடம்.

இதற்கு நேர்மாறான பாடத்தை அண்டை மாநிலம் கற்பித்தது. மலையாளத் திரையுலகின் நடிகை ஒருவர் 2017-இல் காரில் கடத்தப்பட்டுத் தாக்கப்பட்டபின், அத்துறையிலுள்ள பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைத்தது. 2019 டிசம்பரில் அறிக்கை அரசின் கைக்கு வந்தது. வெளியே வந்தது எப்போது? 2024 ஆகஸ்டு 19! நான்கரை ஆண்டுக்கும் மேலாக, பெண்கள் நம்பிச் சொன்ன சொற்கள் பேழைக்குள்ளே கிடந்தன. வாய்ப்புக்கு விலையாக உடலைக் கேட்கும் கொடுமையோடு, படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும்கூட இல்லாமையையும் அவ்வறிக்கை கூறியது. வெளியே போக இடமில்லை என்பதற்காக நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமலிருந்த பெண்களைப் பற்றியும் பேசியது. ஒரு பெண் இங்கே வேலை செய்யப் போகிறாள் என்பதையே எண்ணாமல் ஓர் இடம் அமைக்கப்பட்டால், அவள் மானத்தை அவ்விடம் எப்படி எண்ணிப் பார்க்கும்? கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளிலிருந்தே பணியறம் தொடங்குகிறது.

திரைத்துறை மட்டுமா? 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒரு நாளேட்டின் கணக்கை எடுத்துக்காட்டி வருந்தியது: நாட்டின் 30 விளையாட்டுக் கூட்டமைப்புகளில் 16-இல் முறையான உள்ளகப் புகார்க் குழு இல்லை. சட்டம் வந்து ஒன்பதாண்டு கடந்த பின்னும்! ஓடி, தாவி, மல்லாடி நாட்டுக்குப் பதக்கம் கொண்டுவரும் பெண், தன் துயரைச் சொல்ல ஒரு கதவு இல்லை.

ஆகவே குழு அமைப்பது முதற்படி. பண்பாட்டை அமைப்பதே பயணம். பண்பாடு என்பது ஆண்டுவிழாவில் படிக்கும் உறுதிமொழியிலே இல்லை. முதல் இழிசொல் எழும் நேரத்தில் கூடம் என்ன செய்கிறது என்பதிலே இருக்கிறது. சிரித்தால், அடுத்த நாள் அது கையாக நீளும். ஒருவர், ஒரே ஒருவர், "இங்கே அப்படிப் பேசாதீர்" என்று அமைதியாகச் சொன்னால், அந்தக் கை அங்கேயே மடங்கும். அச்சொல்லைப் பெண்தான் சொல்ல வேண்டுமென்பதில்லை. ஆடவர் சொல்வதே கடன்.

தலைமையில் உள்ளோர்க்குக் கூறுகிறோம்: நிறைய வருமானம் ஈட்டித் தருபவன் என்பதற்காக ஒருவனை மன்னித்தால், அந்த வருமானத்தின் விலை எவ்வளவு என்பதை மற்றவர் அனைவரும் அன்றே கணக்கிட்டுக்கொள்வர். குழு உறுப்பினரின் பெயர்களை எல்லோரும் காணுமிடத்தில் எழுதிவையுங்கள். துப்புரவுப் பணியாளரும் படிக்கத் தக்கவாறு தமிழிலே எழுதிவையுங்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பயிற்சியாளருக்கும் அந்தக் கதவு திறந்ததே என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சங்கத் தோழர்களுக்குக் கூறுகிறோம்: ஊதியத்துக்காகக் கொடி பிடிக்கும் கை, மானத்துக்காகவும் பிடிக்கட்டும். குற்றவாளி நம் உறுப்பினன் என்பதற்காகக் கொடியை அவன்மேல் போர்த்த வேண்டாம்.

பெற்றோர்க்குக் கூறுகிறோம்: மகளுக்குத் தலை குனியக் கற்பித்தது போதும், மகனுக்குக் கை மடக்கக் கற்பியுங்கள். வேலைக்குப் போன மகள் மாலையில் வீடு திரும்பி வாய் திறந்தால், அவள் கேட்கும் முதற்சொல் பழியாக இருத்தல் ஆகாது.

பொறுமை நல்ல பண்புதான். மழைக்குக் காத்திருக்கும் உழவன் பொறுக்கலாம். பிள்ளை நடை பழகும் வரை தாய் பொறுக்கலாம். அநீதிக்குக் காத்திருக்க எவருக்கும் கடமையில்லை. இனி ஒரு பெண் நம்மிடம் வந்து, நா தழுதழுக்க, தயங்கித் தயங்கித் தொடங்குவாளானால், நாம் கூற வேண்டியவை மூன்றே சொற்றொடர்கள்: "சொல்லம்மா, கேட்கிறோம். உன் வேலை போகாது. கண்டதைச் சொல்ல நாங்கள் வருவோம்."

மூன்றாவது சொற்றொடரைக் கூறத் துணிபவர் ஒவ்வொரு கூடத்திலும் ஒருவர் எழட்டும். எஞ்சிய முப்பத்தொன்பது பேரும் எழுந்து நிற்கும் நாள் தொலைவில் இல்லை.